பின்னால் வந்த மூத்தவன்

ஒரு மொழியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்த மொழி தெரியாத பத்துப் பதினைந்து பேரைப் பிடித்து ஓர் ஏசி அறையில் உட்கார வைக்க வேண்டும். எங்கள் நிறுவனம் யொருபாவை அப்படித்தான் காப்பாற்றத் தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பெயர் புஷ்கலா. வேலை, படம் வரைவது.

நிறுவனத்தின் பெயர் நாவரண். சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. அதற்கு முந்தைய ஆண்டுவரை இதே ஆட்கள் நாய் பிஸ்கட்டுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். உலகத்தில் மொழிகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பிழைக்க வைக்க வெளிநாட்டு அறக்கட்டளைகள் அள்ளிக் கொடுக்கின்றன என்று காற்றுவாக்கில் காதில் விழுந்ததும், நாய் பிஸ்கட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே ஓடி வந்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை எங்கள் இயக்குநர் ஸ்ரீவத்சனுக்காகவே யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும்.

யொருபா நைஜீரியாவின் தென்மேற்கில் பேசப்படுவது. பேசுகிற ஆட்களுக்கு ஒன்றும் குறைவில்லை. குறைந்துகொண்டிருந்தது பிள்ளைகளிடம். லாகோஸில் பிள்ளை ஆங்கிலம் பேசியது, பாரிஸில் பிரெஞ்சு பேசியது, சென்னையில் குடியேறியவர்களின் பிள்ளை அழகாகத் தமிழ் பேசியது. அம்மா யொருபாவில் கேட்டால் பிள்ளை வேறு ஏதோ ஒன்றில் பதில் சொல்லும். இதில் நாம் மூக்கின்மேல் விரல் வைக்க ஒன்றுமில்லை. நம் வீடுகளில் நடப்பதும் இதேதான்.

இதற்கு மருந்தாக நாவரண் கண்டுபிடித்தது படக்கண். பால் ஏடு போல மெல்லிய ஒரு வில்லை. காலையில் பிள்ளையின் கண்ணில் போட்டு மாலையில் எடுத்துவிடலாம். காதுக்குப் பின்னால் ஒட்ட ஒரு பொட்டு. யாராவது யொருபாவில் 'ஓமி' என்றால் பிள்ளையின் கண்முன் தண்ணீர் தெரியும். பிள்ளைக்குத் தாகமெடுத்துக் குடத்தைப் பார்த்தால் காதில் 'ஓமி' என்று ஒலிக்கும். திருப்பிச் சொன்னால் ஒரு நட்சத்திரம். வாத்தியார் வேண்டாம், பிரம்பு வேண்டாம், அம்மாவும் அவ்வளவாக வேண்டாம். நான் ஆயிரக்கணக்கில் படம் வரைந்தேன்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் ஆப்பிரிக்கா தெரியணும் புஷ்கலா" என்பார் ஸ்ரீவத்சன். "பின்னாடி ஒரு குடிசை, ஒரு யானை, அந்த மாதிரி."

அவர் நைஜீரியாவுக்குப் போனதில்லை. போனவர்களோடு விமானத்தில் உட்கார்ந்ததுகூட இல்லை. எங்கள் ஆலோசகர் மொரெனிகே அலாபிதான் அதற்குப் பதில் சொன்னார்.

"நான் பொறந்தது இபாடான். உங்க மெட்ராஸ் அளவு ஊரு. யானைய நான் மொதமொதல்ல பாத்தது வண்டலூர்ல, சார்."

மொரெனிகே மொழியியல் படித்தவர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் சென்னை வந்து, பெருங்களத்தூரில் வீடு பார்த்து, தமிழை ஷேர் ஆட்டோவிலும் மளிகைக் கடையிலும் கற்றுக்கொண்டவர். இரட்டைப் பையன்கள், ஒன்றாம் வகுப்பு. யொருபாக்காரர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'ஈயா இபேஜி' என்பார்கள், இரட்டையரின் தாய் என்று பொருள். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு அங்கே தனி மரியாதை. தன் பையன்கள் தன்னோடு தமிழில் மட்டும் பேசுகிறார்கள் என்பதற்காகத்தான் அவர் இந்த வேலைக்கே வந்தார். மற்றவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு வந்தவர்கள், என்னையும் சேர்த்து.

நம்மைப் போல யொருபாக்காரர்களுக்கும் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. ஒரு வயது மூத்தவராக இருந்தாலும் 'நீங்கள்'தான். பையன்கள் பெரியவரைக் கண்டால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டும். அதற்கு 'டோபாலே' என்று பெயர். வெளியூரில் வளர்ந்த பிள்ளைக்கு யாரைக் கண்டால் விழுவது, யாரை 'நீ' என்பது என்பதுதான் பிடிபடாது என்றார் மொரெனிகே. ஸ்ரீவத்சனுக்கு வாயெல்லாம் பல்.

"விஷுவலா இருக்கு. யாரு பெரியவங்களோ அவங்க தலைக்கு மேல, தரையில விழற மாதிரி ஒரு குட்டிப் பையன் படம். பிள்ளைங்க பாத்ததும் விழுந்துரும். சூப்பர்."

யார் பெரியவர் என்று படக்கண்ணுக்கு எப்படித் தெரியும்? பெற்றோர் பகுதி என்று ஒன்று உண்டு. வீட்டிலுள்ள எல்லோருடைய பிறந்த நாளையும் நேரத்தையும் தாய் தகப்பன் அதில் பதிய வேண்டும். அதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மொரெனிகே கையைத் தூக்கினார்.

"இரட்டைங்களுக்கு இது சரிப்படாது."

"ஏன் மேடம்? ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் பின்னாடி. முன்னாடி வந்தவன் அண்ணன்."

"எங்ககிட்ட அப்படி இல்ல. மொதல்ல வெளிய வர்றவன் டாய்வோ. அடுத்து வர்றவன் கெஹிண்டே. பேரு நாங்க யோசிச்சு வைக்கறதில்ல, வர்ற வரிசையிலயே பேரும் வந்துடும். ஆனா மூத்தவன் கெஹிண்டேதான். உள்ள இருந்துக்கிட்டே, 'டேய், நீ போய் இந்த உலகம் எப்படி இருக்குன்னு ருசி பாத்துட்டு வா'ன்னு தம்பிய அனுப்புவான். தம்பி வெளிய வந்து அழுவான். அந்த அழுகையக் கேட்டு, சரி, வரலாம்போலன்னு அண்ணன் நிதானமா வருவான். வேலைக்கு அனுப்பறவன்தானே பெரியவன்?"

எனக்கு அது பிடித்துப் போயிற்று. "எங்க சித்திகூட பின்னால பொறந்ததுதான் மூத்ததுன்னு சாதிப்பா" என்றேன்.

"உங்க சித்தி சயின்ஸ் படிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்ரீவத்சன் தானே சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சம்பளம் வாங்குகிறவர்களாதலால் சிரித்தார்கள். ஆனாலும் மொரெனிகே விடவில்லை. கடைசியில் இரட்டையருக்கு மட்டும் வரிசையை மாற்றுவதாக ஒப்புக்கொண்டார்கள். அவர் சொன்ன கதையை நான் கார்ட்டூனாக வரைந்தேன், வயிற்றுக்குள் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து இன்னொருவனுக்கு உத்தரவு போடுகிற மாதிரி.

பிறகு மொரெனிகே பையன்களை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். ஒரே அச்சு. எனக்கு இன்றுவரை அடையாளம் பிடிபட்டதில்லை. கெஹிண்டே நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே தம்பியிடம் ஏதோ சொன்னான். டாய்வோ போய் முதலில் வில்லையைப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து, "வலிக்கலடா" என்றான். அதற்கப்புறம்தான் இந்தப் பெரிய மனிதர் எழுந்தார். சாலையைக் கடக்கும்போது தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

இன்னொன்றும் அப்போது வரைந்தேன். பெரியவர்கள் பேசுகிற யொருபா பாதி ஆங்கிலமாக இருக்கிறது, அதைக் கேட்டுப் பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாது என்றார் ஸ்ரீவத்சன். அதனால் படக்கண் தெரிந்து வைத்திருப்பதற்கு மாறாகப் பேசுகிறவரின் தலைமேல் ஒரு தூங்குகிற கிளியின் படம் தெரியும். இவர் சொல்வதை எடுத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். 'ஃப்ரெண்ட்லியா' இருக்க வேண்டுமென்று கேட்டார்கள், ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துத் தூங்குகிற மாதிரி வரைந்தேன். நன்றாக வந்திருந்தது.

படக்கண் வெளியாகி, நாடு நாடாகப் பிள்ளைகள் யொருபாவில் தண்ணீர் கேட்கத் தொடங்கினார்கள். ஸ்ரீவத்சன் மாநாடு மாநாடாகப் போய் 'ஒரு மொழி கண்விழிக்கிறது' என்று பேசினார். மேடைக்குப் போகுமுன் யொருபாவில் வணக்கம் சொல்வது எப்படி என்று மொரெனிகேவிடம் கேட்டுக்கொள்வார், மேடையில் அதை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொரெனிகே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அக்காரா சுட்டிருந்தார், நம் காராமணி வடைதான் அது, காரம் மட்டும் நம்மைவிடக் கூடுதல். பையன்கள் வெளியே விளையாடிவிட்டு உள்ளே வந்தார்கள். ஒருவன் முதலில் நுழைந்து நின்றான். அடுத்தவன் வாசலிலேயே அவன் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"கெஹிண்டே, என்னடா விளையாட்டு?" என்றார் மொரெனிகே.

விழுந்தவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். நின்றவன் அவனிடம் யொருபாவில் ஏதோ சொன்னான். அவன் பணிவாக ஏதோ பதில் சொல்லிவிட்டு உடனே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். மொரெனிகேயின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"அவன் 'நீ'ங்கறான், இவன் 'நீங்க'ங்கறான்" என்று என்னிடம் சொன்னார். பிறகு பையனைப் பிடித்து நிறுத்தினார். "நீ அண்ணன்டா. நீ எதுக்கு அவன் கால்ல விழற?"

"இல்ல மம்மி. டாய்வோதான் பெரியவன். கண்ல போட்ருக்கு."

மொரெனிகே தரையில் உட்கார்ந்து, இருவரையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அந்தக் கதையை யொருபாவில் சொல்லத் தொடங்கினார். பாதியில் பையன்கள் இருவரும் அவருடைய தலைக்கு மேலே பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் மேலே பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கே என் கிளி தூங்கிக்கொண்டிருந்தது.

"மம்மிக்கு யொருபா சரியா வராது ஆன்ட்டி" என்றான் டாய்வோ என்னிடம், வெகு சகஜமாக. ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் அத்தனை இளக்காரம். அந்தத் தொனி புதிதல்ல. ஆறாவது மாடியில் தினமும் கேட்பதுதான்.

மறுநாள் இருவரும் ஸ்ரீவத்சன் அறைக்குப் போனோம். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அறக்கட்டளைக்காரங்க ஆடிட்ல முரண்பாடு மார்க்னு ஒண்ணு இருக்கு மேடம். வயசு அதிகமா இருக்கறவன் பெரியவன், ஆனா இவன் மட்டும் வயசு கம்மி, இவனும் பெரியவன்னா சிஸ்டம் உதைக்குது. அதான் இரட்டைங்களுக்குப் போட்ட அந்த விதிய எடுத்துட்டோம். கார்ட்டூன் அப்படியேதான் இருக்கு, கதைப் பகுதியில."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சின்ன விஷயம் மேடம். ஒண்ணு கேக்கறேன், உங்க பசங்க இப்ப யொருபா பேசறாங்களா இல்லியா?"

"பேசறாங்க."

"முன்னாடி பேசினாங்களா?"

"தமிழ்தான் பேசினாங்க."

"அவ்ளோதான். இன்னொண்ணு, இப்ப இந்த மொழிய பேசற பிள்ளைங்கள்ல முக்காவாசிப் பேரு நம்ம படக்கண்ல கத்துக்கிட்டவங்க. அவங்க எல்லாருக்கும் டாய்வோதான் பெரியவன். மொழி பேசறவனுக்குத்தான் சொந்தம், மாறிக்கிட்டே இருக்கும்னு நீங்கதானே எங்களுக்கு கிளாஸ் எடுத்தீங்க?"

மொரெனிகே மேசையைப் பிடித்துக்கொண்டார். "டிசம்பர்ல ஊருக்குப் போறோம். என் மாமனார் முன்னாடி கெஹிண்டே டாய்வோ கால்ல விழுந்தான்னா நான் என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? அது மரியாதை மட்டும் இல்ல சார். அந்தப் பையன் அந்த இடத்துலதான் நிக்கறான். தம்பியப் பாத்துக்கறவன் நான்னு நெனச்சுத்தான் அவன் தைரியமாவே இருந்தான்."

"நீங்களும் ஒரு செட் போட்டுப் பாருங்களேன்" என்றார் ஸ்ரீவத்சன் கனிவாக. "பெரியவங்களுக்கான மாடல் வந்திருக்கு. உங்க யொருபா எவ்வளவு சரின்னு படக்கண் போடற மார்க்கும் கொஞ்சம் இறங்கியிருக்கு, ஆலோசகரா இருக்கறவங்களுக்கு அது நல்லா இல்ல பாருங்க."

இபாடானில் பிறந்து வளர்ந்தவளுக்கு யொருபா சொல்லித்தர இவர் வில்லைப் பெட்டியை நீட்டுகிறார். நான் எத்தனையோ அற்பர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். இத்தனை நிம்மதியான முகத்தோடு ஓர் அற்பனைப் பார்த்ததில்லை. மொரெனிகே பெட்டியை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். அன்றைக்கே வேலையையும் விட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பையன்களின் வில்லைகளைக் கழற்றி வைத்தார். இனி நானே சொல்லித்தருகிறேன் என்றார். முதல் நாள் பையன்கள் அழுதார்கள். இரண்டாம் நாள் தமிழுக்குத் திரும்பினார்கள். மொரெனிகே தண்ணீர்க் குடத்தைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாராம். கெஹிண்டே குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றானாம். நேற்றுவரை நூறு முறை சொன்ன சொல். வில்லை இல்லாமல் வரவில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சது படம் வந்தா பேரு சொல்றது மட்டும்தான்" என்றார் என்னிடம் தொலைபேசியில். "படம் இல்லன்னா உள்ள ஒண்ணுமே இல்ல புஷ்கலா. என் கண்ணையே பாக்கறான், அதுல ஏதாச்சும் தெரியுமான்னு."

அவ்வளவுதான் எங்கள் மாபெரும் மொழி மீட்பு. கிளிக்கூண்டைத் திறந்தால் கிளியே இல்லை. மாநாட்டில் கைதட்டிய அத்தனை பேரையும் அந்தச் சமையலறையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்போல இருந்தது.

இரண்டே வழிதான் இருந்தது. வில்லை வேண்டாமென்றால் பையன்கள் தாயோடு ஒரு சொல்லும் அவள் மொழியில் பேச மாட்டார்கள். வில்லை வேண்டுமென்றால் கெஹிண்டே தம்பியின் காலில் விழுந்துகொண்டிருப்பான். மொரெனிகே நாலைந்து நாள் யோசித்தார். பிறகு, மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தார். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தோன்றாத அளவுக்கு எளிமையானது. பெற்றோர் பகுதியைத் திறந்து, பையன்கள் பிறந்த நேரங்களை மாற்றிப் போட்டார். கெஹிண்டே முதலில் பிறந்ததாகவும், டாய்வோ சில நிமிடம் கழித்துப் பிறந்ததாகவும் எழுதினார். படக்கண்ணுக்கு முன்னால் வந்தவன்தானே பெரியவன், சரி, வைத்துக்கொள்.

"பொய்தான்" என்றார். "ஆனா இந்தப் பொய்யாலதான் உண்மை சரியா வரும்."

கேட்டதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முட்டாளிடம் முட்டாள்தனத்தையே கொடுத்து வேலை வாங்குவது என்றால் இதுதான். யொருபாத் திட்டத்தில் யாரோ ஒருவர் செய்த ஒரு காரியத்தை மதித்தேன் என்றால் அது இதை மட்டும்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்றார். போனேன்.

பையன்கள் கண்ணில் மறுபடி வில்லை இருந்தது. வெளியிலிருந்து வந்தார்கள். பச்சைச் சட்டைக்காரன் முன்னால் வந்து நின்றான், நீலச் சட்டைக்காரன் அவன் காலடியில் விழுந்து கும்பிட்டான்.

"பச்சைதான் கெஹிண்டே" என்று மொரெனிகே என் காதருகே சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை. பச்சைச் சட்டை சோபாவில் ஏறி உட்கார்ந்து பழையபடி காலாட்டிக்கொண்டு யொருபாவில் தண்ணீர் கேட்டது. நீலச் சட்டை கொண்டுவந்தது. ஸ்ரீவத்சனை நினைத்து நான் மனதார ஒரு முறை சிரித்துக்கொண்டேன்.

மொரெனிகே தட்டில் அக்காராவை அடுக்கி, மூத்தவனுக்கு முதலில் கொடுப்பதற்காக, "கெஹிண்டே" என்று கூப்பிட்டார்.

நீலச் சட்டை எழுந்து வந்தான்.

"நீ இல்லடா. கெஹிண்டே."

"நான்தானே மம்மி" என்றான்.

பச்சைச் சட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்ததாகவே காணோம். மொரெனிகே தட்டைக் கீழே வைத்தார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இரட்டையரில் முதலில் வருபவன் டாய்வோ, பின்னால் வருபவன் கெஹிண்டே, வரிசையிலேயே பெயர் வரும் என்று சொன்னது மொரெனிகேதான். அதைக் கேட்டு எழுதி உள்ளே போட்டது நாங்கள்தான். மூத்தவன் யார் என்பதைப் பிடுங்கி எறிந்த மேதைகள் இதை எறியவில்லை, ஏனென்றால் இதில் முரண்பாடு எதுவும் இல்லை. இப்போது பச்சைச் சட்டை முன்னால் பிறந்தவன். ஆகவே அவன் டாய்வோ. நீலச் சட்டை பின்னால் பிறந்தவன், கெஹிண்டே. படக்கண் இருவர் தலைமேலும் பெயரை மாற்றி எழுதிவிட்டது. சரியாகக் கூப்பிட்டதற்கு இருவருக்கும் நட்சத்திரம் கொடுத்திருக்கும். கெஹிண்டேவுக்கு அவன் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது, அவன் பெயரைக் கொடுத்து.

"முன்னாடி தப்பா கூப்டுட்டு இருந்தோம் ஆன்ட்டி" என்று நீலச் சட்டை எனக்கு விளக்கினான். "இப்ப சரி பண்ணிடுச்சு."

மொரெனிகே அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நீ டாய்வோ" என்றார். சோபாவில் இருந்தவனைக் காட்டி, "அவன் கெஹிண்டே. நான் பெத்தவடா. எனக்குத் தெரியாதா?" என்றார். முதலில் தமிழில் சொன்னார், பிறகு யொருபாவில் சொன்னார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை சிரிக்கவில்லை. நீலச் சட்டை தாயின் கையை மெதுவாக விலக்கி, அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, யொருபாவில் நீளமாக ஏதோ சொன்னான். பிறகு தட்டிலிருந்து ஓர் அக்காராவை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

மொரெனிகே அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "'வருத்தப்படாதீங்க மம்மி. நாங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கோம்ல, யாருக்கா இருந்தாலும் குழப்பம் வரத்தான் செய்யும்'ங்கறான்."

நான் கீழே இருந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அவன் யொருபாவுல ஒரு தப்பு இல்ல புஷ்கலா" என்றார். "எங்க அப்பா பேசற மாதிரி பேசறான்."